இடது டப்பாவில் மிஞ்சிய புளியங்கொட்டை

தொரட்டிமலைக்கு ஏறுகிற வழி ஒன்றுதான், இறங்குகிற வழியும் அதுதான்; மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, அதில் குரங்கு ஏறும், தேன் எடுக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கயிறு கட்டி இறங்குவார்கள், வேறு யாரும் கிடையாது. அடிவாரத்தில் இரும்புக் கேட், கேட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு மேஜை, மேஜை மேல் இரண்டு பால்மாவு டப்பா. காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்து, மேலே போகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு புளியங்கொட்டையை இடது டப்பாவில் போடுவேன்; இறங்கி வருகிற ஒவ்வொரு தலைக்கும் இடதிலிருந்து ஒன்றை எடுத்து வலது டப்பாவில் போடுவேன்; சாயங்காலம் ஐந்தரைக்கு இடது டப்பாவைக் கவிழ்த்துப் பார்ப்பேன், ஒன்றும் விழாது, கேட்டைப் பூட்டுவேன். நோட்டும் உண்டு. ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அவசரத்தில் எழுதினால் ஒன்று ஏழு மாதிரி இருக்கும், ஏழு ஒன்று மாதிரி இருக்கும். புளியங்கொட்டை வேறு எது மாதிரியும் இருக்காது. பத்தொன்பது வருஷம் இப்படிப் போனது. ஒரு நாளும் மிஞ்சவில்லை.

மிஞ்சினால் என்ன செய்வது என்பதற்கு விதி இருந்தது. நான் குறைச்சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு வனவரிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால்தான் ஐந்தரைக்கு மேல் காவலர்கள் கயிறும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மலை ஏறலாம். ஐம்பது சீட்டு கொண்ட புத்தகம் ஒன்றை முதல் நாளே கொடுத்திருந்தார்கள். மேல் சீட்டு மஞ்சளாகிவிட்டது, ஐம்பதும் இருந்தன.

காணும் பொங்கல் அன்று மட்டும் இரண்டு டப்பாவும் பற்றாது, பக்கத்தில் இரண்டு குண்டான் வைத்துக்கொள்வேன். அன்றைக்கு ஊரில் வீடு உள்ளவர்கள் எல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு வருவார்கள். மலை பார்க்க வந்தோம் என்பார்கள், மலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பார்கள். குளிக்க இடம் எங்கே, கடை எங்கே, சிக்னல் எங்கே என்று மூன்று கேள்வி கேட்பார்கள், மலையைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள். போன வருஷம் காணும் பொங்கலுக்கு ஏறியவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர். கேட்டுக்குள் நுழைகிறபோது தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். இரண்டையும் எண்ணித்தான் சொல்கிறேன்.

அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் அருப்புக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்த ஏழு பேர் ஒரு குடும்பம். மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிற ஞானவேல், அவருடைய தாயார் சுலோச்சனா, தங்கை சாருமதி, தங்கையின் புருஷன், தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட ஒரு மகன், ஒரு மகள், கடைசியாக ஞானவேலின் மனைவி. ஆறு பேர் கையிலும் போன் இருந்தது. ஏழாவது ஆளின் கையில் கட்டைப்பை இருந்தது. ஜவுளிக்கடையில் கல்யாணப் பட்டு எடுத்தால் கொடுக்கிற பெரிய பச்சைப் பை, கைப்பிடிக்கு மரக்கட்டை வைத்தது, கடையின் பேர் வெளுத்துப் போயிருந்தது.

"ஏம்மா, லைன்ல நிக்கணுமா? நாங்க ஃபேமிலியா வந்திருக்கோம்," என்றார் ஞானவேல்.

எல்லாரும் ஃபேமிலியாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு அந்நியர்களிடம் வாய் வராது. ஆறு கொட்டையை எண்ணிப் போட்டேன், ஏழாவதையும் போட்டேன்.

பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதிப்பதும் என் வேலை. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தாள்: புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, உருளைக்கிழங்கு ஒரு டப்பா, வெந்நீர் பிளாஸ்க், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, முட்டிக்குத் தடவும் தைலம், மகனின் சார்ஜர், மகளின் மாற்றுச் செருப்பு, புருஷனுக்கு விரித்து உட்காரப் பழைய பேப்பர், நாத்தனாருக்குத் தலைவலித் தைலம், நாத்தனார் புருஷனுக்குத் துண்டு. மொத்தம் முப்பத்துநான்கு சாமான். அவளுடையது என்று அதில் ஒன்றும் இல்லை. நோட்டில் பேர் எழுதச் சொன்னேன், மற்றவர்கள் கை ஒழியாததால் அவளே எழுதினாள். ஆறு பேரை மளமளவென்று எழுதினாள், ஏழாவதற்குப் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு திலகவதி என்று எழுதினாள்.

"அங்க என்ன பரீட்சையா எழுதுற? வெயில் ஏறுது பாரு," என்றார் மாமியார்.

ஏறினார்கள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படி, அதற்குமேல் ஒற்றையடிப் பாதை, அதற்குமேல் புல்வெளி, காற்று. மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மட்டும், படம் எடுத்தார்கள், சாப்பிட்டார்கள், மறுபடியும் படம் எடுத்தார்கள்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஞானவேல் குடும்பம் இறங்கி வந்தது. முன்னால் ஆறு பேர். பின்னால், பத்தடி தள்ளி, கட்டைப்பை. அது படிக்குப் படி தன் இடது கீழ்மூலையை முதலில் இறக்கி, பிறகு வலது மூலையை இறக்கி, ஒரு மூச்சு நின்று, அடுத்த படிக்கு வந்தது. கைப்பிடிக் கட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று டொக் டொக்கென்று இடித்துக்கொண்டன. உள்ளே காலித் தூக்குகள் உருண்டன. கடைசிப் படியில் ஓரமாக ஒதுங்கி நின்று, ஏறுகிறவர்களுக்கு வழி விட்டது.

நான் ஆறு கொட்டையை வலது டப்பாவுக்கு மாற்றினேன்.

"போடுங்கம்மா இன்னொன்னு, வண்டி நிக்குது," என்றார் ஞானவேல்.

"இன்னும் ஒரு ஆள் வரணும் சார்."

"யாரு வரணும்? எல்லாரும் வந்தாச்சு." அவர் விரலை நீட்டி எண்ணினார். "அம்மா, சாரு, மாப்பிள்ளை, பையன், பொண்ணு, நான்." விரல் பையிடம் வந்தது, அங்கே ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இவ. ஏழு."

"அது பை சார்."

"என்னம்மா பேசுறீங்க?"

அதற்குள் அந்த மகன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, சார்ஜர்," என்று கையை நீட்டினான். பை வாயைத் திறந்தது. சார்ஜர் வெளியே வந்தது. அவன் வாங்கிக்கொண்டான். மாமியார் மாத்திரை நேரமாகிவிட்டது என்றார். மாத்திரை வந்தது, பிளாஸ்க் சாய்ந்தது, டம்ளரில் வெந்நீர் நிறைந்தது, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"பேசச் சொல்லுங்க," என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"அண்ணி எப்பவுமே இப்படித்தான், வாயத் திறக்க மாட்டாங்க," என்றாள் சாருமதி.

"தங்கச்சி கொஞ்சம் இளைச்சுப் போச்சு மச்சான், மலை ஏறுனா நல்லதுதான் போல," என்று அவள் புருஷன் சொல்ல, குடும்பம் முழுவதும் சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை, டம்ளரைத் திருப்பிப் பார்த்து, "இன்னைக்குத்தான் சூடு சரியா இருக்கு," என்றார்.

கூட்டம் கூடியது. டீக்கடை மொக்கையன் கிளாசைக் கழுவியபடியே வந்து பார்த்தான். பையைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நல்ல தைப்பு," என்றான். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த ஒருத்தர், தன் வீட்டிலும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆனால் இவ்வளவு அடக்கம் கிடையாது என்றார். அவருடைய மனைவி பக்கத்தில்தான் நின்றாள், இரண்டு கையிலும் பை. யாரும் ஆச்சரியப்படவில்லை. இது பையா, பெண்பிள்ளையா என்று கேட்டவர்கள் மூன்று பேர், அந்த மூன்று பேரும் பதில் வருவதற்குள் வடை வாங்கப் போய்விட்டார்கள்.

கணக்கு சேராத குடும்பத்தை விடக்கூடாது என்பதால் வேனை நிறுத்தி வைத்து, ஐந்தரைக்கு டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரு கொட்டை விழுந்தது. மேஜை மேல் இரண்டு முறை துள்ளி நின்றது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, மேல் சீட்டில், போனது ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு, வந்தது ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து, குறைவு ஒன்று, பேர் திலகவதி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வனவரிடம் நீட்டினேன்.

வனவர் வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டவர். சீட்டைப் படித்தார், மலையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் படித்தார்.

"ஆளு எப்படி இருப்பாங்க? போட்டோ இருக்கா?" என்று ஞானவேலிடம் கேட்டார்.

ஆறு பேரும் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அன்றைக்கு எடுத்தது மட்டும் இருநூற்றுப் பதினாலு படம். ஒன்றிலும் அவள் இல்லை. பாதி படத்தை எடுத்தவளே அவள்தான், மீதியில் அவள் சாப்பாடு எடுத்து வைக்கிற பக்கம் யாரும் போனைத் திருப்பவில்லை. நாலு படத்தில் பை இருந்தது.

"இதோ இருக்காங்களே," என்றார் வனவர், நிம்மதியாக. "இதே பச்சை. ஒத்துப் போகுது. என்னம்மா நீங்க, நல்ல நாளும் அதுவுமா?" சீட்டை நாலாகக் கிழித்தார். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, வந்தது என்கிற கட்டத்தில் ஏழு என்று தன் கையால் எழுதினார். வேன் கிளம்பியது. பை சன்னலோரம் உட்காரவில்லை, எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக ஏறிக் கீழே, கால்களுக்கு நடுவில், உட்கார்ந்துகொண்டது.

அந்த ஆறு பேரில் ஒருத்தராவது மலையைப் பார்த்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும், கேட் திறக்கும் முன்னால், நானே இருநூற்று நாற்பது படி ஏறினேன். அதற்குமேல் முட்டி விடவில்லை. அங்கே நின்று திலகவதி என்று கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட எனக்கு வெட்கம். அந்தக் குரலுக்குப் பக்கத்து மரத்துக் காக்காய்கூடத் திரும்பவில்லை. அன்றைக்கு ஏறியவர்களிடம், மேலே ஒரு பெண்பிள்ளை இருப்பாள், பார்த்தால் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் சொன்னேன். பதினாறு பேர் கேட்டார்கள். மிஞ்சிய கொட்டையைத் திரும்ப இடது டப்பாவிலேயே போட்டிருந்தேன், அடியில் கிடந்தது, எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, வெயில் படியின் பாதிக்கு வந்தபோது, அவள் இறங்கி வந்தாள். சேலையில் புல் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் வெறுமையாக இருந்தன; அந்தக் கைகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, வீசிப் பார்த்தாள், கட்டிப் பார்த்தாள், கடைசியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள். மொக்கையன் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள்.

"தேடுனாங்களாக்கா?"

எனக்குப் பொய் சொல்லவும் வராது.

"இல்லை."

அவள் தலையை ஆட்டினாள். "பை?"

"உங்க வீட்டுக்குப் போயிருச்சு. நடந்துதான் இறங்குச்சு."

"அம்புட்டுத் தூக்கையும் தூக்கிக்கிட்டா?"

"ஆமா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மூடிய முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்: "பையன் சார்ஜர் கேட்டிருப்பானே?"

"கேட்டான். பை எடுத்துக் கொடுத்துச்சு."

"அம்மான்னு கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்."

சிரிப்பு நின்றது. மேலே எப்படி இருந்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்: "காலை நீட்டி உக்காந்திருந்தேன்க்கா. கீழ கெடக்கிற ஊரு அத்தனையும் தெரிஞ்சுச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் எதுவும் கேக்கலை." பிறகு மேஜையைப் பார்த்தாள். நான் நோட்டைத் திறந்து பேனா எடுத்திருந்தேன். அவள் எழுந்து வந்து நோட்டின் மேல் கையை வைத்தாள். உள்ளங்கையில் பையின் கட்டை அழுத்திய தழும்பு குறுக்கே ஓடியது.

"எழுதாதீங்க. எழுதினா போன் போட்டுச் சொல்லுவாங்க. வந்து கூட்டிட்டுப் போவாங்க."

எழுதாமல் விட்டால் என் கணக்கு என்றென்றைக்கும் ஒன்று குறையும். அதை அவளிடம் சொல்லவில்லை. இடது டப்பாவிலிருந்து அந்தக் கொட்டையை எடுத்தேன், வலது டப்பா வரைக்கும் கை போனது, திரும்பி வந்து அவள் கையில் வைத்தது. அவள் அதை மடியில் முடிந்துகொண்டாள். ஒன்பதே கால் பஸ்ஸில் ஏறினாள். அது எந்த ஊர் போகிற பஸ் என்று எனக்குத் தெரியும், அவள் எங்கே இறங்கினாள் என்று தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் பையின் சேதி மட்டும் வந்துகொண்டிருந்தது. வேன்காரர் வரும்போதெல்லாம் சொல்வார். பை விடிகாலையில் எழுந்து வாசல் தெளிக்கிறதாம், தோசை வார்க்கிறதாம், குக்கர் எத்தனை சத்தம் என்று அதற்குத் தெரிகிறதாம். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லையாம், அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம், ஏனென்றால் பாத்திரம் தேய்த்த கைக்கு முன்னாலும் விழுந்ததில்லை. சாருமதி வீட்டு வளைகாப்பில் பையை முதல் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்களாம், மாமியார் அதன் கைப்பிடியில் இரண்டு முழம் மல்லிகை சுற்றிவிட்டாராம். மருமகளைப் பற்றி அவர் ஊரில் நல்லதாகப் பேசுகிறாராம். ஞானவேல் கடையில் ஆட்களிடம், குடும்பம் என்றால் அனுசரித்துப் போக வேண்டும், என் வீட்டுக்காரியைப் பாருங்கள் என்கிறாராம். தெருவில் நாலைந்து வீட்டில் ஆண்பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பைகளை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்களாம். மொக்கையன்கூடத் தன் கடை மூலையில் ஒரு கட்டைப்பை வாங்கி வைத்தான். அது கிளாஸ் கழுவவில்லை. தைப்பு சரியில்லை என்றான்.

அடுத்த காணும் பொங்கலுக்கு அதே வேன் வந்தது.

பை நைந்திருந்தது. சோதிக்கும்போது எண்ணினேன்: ஐம்பத்தோரு சாமான். புதிதாக ஒரு ஸ்பீக்கர், ஒரு மடக்கு நாற்காலி, மாமியாருக்கு இன்னொரு பிளாஸ்க். ஒரு பக்கக் கைப்பிடி மூன்று நூலில் நின்றது. காய்ந்த மல்லிகை இன்னும் சுற்றிக் கிடந்தது. நிமிர்ந்து உச்சியைப் பார்ப்பது போல அது கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. அதை எண்ணிக்கொண்டேன், உச்சியைப் பார்த்ததில் அன்றைக்கு நாலாவது.

"ஏழு," என்றார் ஞானவேல், போனைக் காதில் வைத்தபடி.

ஆறு கொட்டை போட்டேன். நோட்டில் ஆறு என்று எழுதினேன், ஏழு மாதிரித் தெரியாதபடி நிதானமாக எழுதினேன். அவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு ஆறு பேர் இறங்கி வந்தார்கள், ஆறு கொட்டையை மாற்றினேன், வேனுக்குப் போனார்கள். மாமியார் மாத்திரை கேட்டிருக்கிறார். மாத்திரை வரவில்லை. ஞானவேல் கேட்டை நோக்கி ஓடி வந்தார், செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது.

"அவ வரலை! மேலயே நின்னுட்டா!" மலையைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்: "திலகா! திலகவதீ!"

மலை அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. நல்ல கணீரென்ற குரல் அவருக்கு. சாருமதி, அண்ணி அண்ணி என்று அழுதாள். மகன் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான், அவன் போனில் இரண்டு சதவீதம் சார்ஜ்தான் இருந்தது. மாமியார் மாரில் அடித்துக்கொண்டு, "எம் மக மாதிரி வச்சிருந்தேனே," என்றார்.

வனவர் ஓடி வந்தார். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். அறுபத்து மூன்று படம் இருந்தது, வளைகாப்புப் படத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் அனுப்பினார்கள். பதினோரு காவலர்கள் கயிறு எடுத்தார்கள், டார்ச் எடுத்தார்கள். மொக்கையன் கடையைச் சாத்தினான். ஊர்க்காரர்கள் நாற்பது பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். போன வருஷம் வடை வாங்கப் போன மூன்று பேரில் ஒருத்தர் அந்த வரிசையில் முதலாவதாக நின்றார்.

"சீட்டை எழுதுங்கம்மா, சீக்கிரம்," என்றார் வனவர். "ஐந்தரை ஆயிருச்சு. சீட்டு இல்லாம ஆளைக் கூட்டிட்டுப் போனா எனக்கு மெமோ."

நான் இடது டப்பாவைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை.

"ஆறு பேர் போனாங்க. ஆறு பேர் வந்தாங்க," என்றேன்.

"ஏழு!" என்று கத்தினார் ஞானவேல். "போன வருஷம் ஏழுன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

"எழுதுனது இந்தச் சாரு." வனவரைக் காட்டினேன். "நான் எழுதுனதைச் சார் கிழிச்சாரு."

வனவர் தரையைப் பார்த்தார். "பாவம்மா, ஒரு குடும்பம். ஒரு சீட்டுதானே? எழுதிக் குடுங்க."

ஐம்பத்தெட்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியதே கிடையாது.

"ஐம்பது சீட்டு குடுத்தீங்க சார். நாப்பத்தொன்பது இருக்கு," என்றேன். "அது ஆளுக்கு."

ஞானவேலிடம் டப்பாவை நீட்டினேன். "கையை விட்டுப் பாருங்க."

அவர் முழங்கை வரை விட்டுத் துழாவினார். நாலு பக்கமும் துழாவினார், அடியைத் தட்டிப் பார்த்தார். மலை அவர் கத்திய பேரை முழுவதும் சொல்லி முடித்துவிட்டு அமைதியாக இருந்தது. அவர் கையை எடுக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, டப்பாவை வாங்கித் துடைத்து மேஜை மேல் வைத்து, கேட்டைப் பூட்டினேன்.